அக்கா வீட்டுக்கு ஏற்ற கேமரா

எல்லாம் வாட்ஸப்பில்தான் ஆரம்பித்தது. லைட்ஹவுஸ் குப்பத்தில் அக்கா வீட்டு மாடியைக் கட்டி முடித்துப் பெயிண்டும் அடித்தாயிற்று. அக்காவின் கணவர், என் மாமா, வாசலில் நின்று போனை அண்ணாந்து பிடித்து ஒரு படம் எடுத்துக் குடும்பத்துக்கெல்லாம் அனுப்பினார். படத்தில் வீடு கீழே அகன்று மேலே குறுகி, பின்பக்கமாக மல்லாந்து விழப்போவது போல இருந்தது. சுண்ணாம்புக்குளத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிற மாமாவின் தங்கை உடனே பதில் போட்டாள்: "இன்னா அண்ணி, கடலைப் பாத்து பயந்து வீடு பின்னால போவுதா?" அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற மூஞ்சிகள்.

அன்று மாலையே அக்கா எனக்கு போன் செய்தாள். வீடு கட்டியவள் அவள். சிமெண்ட் மூட்டையில் உட்கார்ந்து கொத்தனாருக்குச் சோறு போட்டவள், கம்பி துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்த வருடங்களை எல்லாம் பார்த்தவள். குரலில் அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது.

"நீ ஓட்டலு, ஆபீசுன்னு ஊர்ல கீற கட்டடத்தை எல்லாம் படம் புடிக்கற. என் வீட்டை நேரா நிக்க வெச்சு ஒரு படம் எடுத்துக் குடு. கூடத்துல மாட்டணும். அவ வந்து பாக்கணும்."

கட்டடங்களைப் படம் எடுப்பதுதான் என் பிழைப்பு. சென்னையில் இருக்கிறேன். நைனாவும் அம்மாவும் போன பிறகு எனக்கு வீடு என்று இருப்பது அக்கா வீடுதான். அதை நான் அவளிடம் சொன்னதில்லை, சொன்னால் "சரி, சாப்ட்டியா" என்பாள். இப்படி ஒரு வேலையை அவள் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவரை என் தொழில் என்னவென்று யாராவது கேட்டால் "போட்டோ கடைல கீறா" என்று சொல்லிவிடுவாள்.

ஒரே ஒரு நெருக்கடி. வீட்டுக்கு எதிரே ஒரு காலி மனை. அது மாமாவின் பங்காளி ஒருவருடையது. அங்கே அவர் வீடு கட்டப்போகிறார். கடைக்கால் தோண்ட ஆள் சொல்லியாகிவிட்டது. அந்த மனையில் நின்றால்தான் அக்கா வீடு முழுசாகத் தெரியும். அங்கே சுவர் எழும்பிவிட்டால் அப்புறம் சந்தில் நின்று கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். எந்த லென்ஸாலும் பிறகு அந்த வீட்டை ஒழுங்காகப் பார்க்க முடியாது.

சின்ன வேலைகளுக்குப் பயன்படுத்துகிற டிஜிட்டல் கேமராவை எடுத்துக்கொண்டு போய் ஒரு காலையில் முடித்துவிட்டு வந்திருக்கலாம். அப்படிச் செய்தால் நான் நானில்லை. பெரிய வேலைகளுக்கு வாடகைக்கு எடுத்தே பழகிய வ்யூ கேமராவைச் சொந்தமாக வாங்க வேண்டும் என்று பல வருடமாக ஒரு சாக்கைத் தேடிக்கொண்டிருந்தேன், அக்கா அந்தச் சாக்கைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தாள்.

வ்யூ கேமரா என்றால், முன்னால் லென்ஸைத் தாங்க ஒரு சட்டம், பின்னால் ஃபிலிமைத் தாங்க ஒரு சட்டம், இரண்டுக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்புத் துருத்தி. அவ்வளவுதான். பின்சட்டத்தில் சொரசொரப்பான கண்ணாடி ஒன்று இருக்கும். கறுப்புத் துணியைத் தலைக்குமேல் போர்த்திக்கொண்டு அதைப் பார்த்தால் எதிரே இருப்பது அதில் விழும். உயரமான கட்டடத்துக்குக் கேமராவை அண்ணாந்து பிடிக்க வேண்டாம். கேமராவை நேராக நிறுத்தி, லென்ஸை மட்டும் மேலே ஏற்றினால் போதும், மொட்டைமாடிச் சுவர்வரை உள்ளே வந்துவிடும், சுவர்களும் செங்குத்தாகவே நிற்கும். மாமாவின் போன் செய்த குற்றத்துக்கு இதுதான் மருந்து.

எந்தக் கேமரா என்பதில் எனக்குள்ளேயே கட்சி பிரிந்தது. ஒன்று, மரத்தில் செய்த மடக்குக் கேமரா. பெட்டிபோல மடித்துத் தோளில் மாட்டிக்கொள்ளலாம், பித்தளைத் திருகுகள், பார்க்கவே அத்தனை அழகு. ஆனால் அதில் லென்ஸை ஓரளவுக்குத்தான் ஏற்ற முடியும். அகல லென்ஸைப் போட்டுத் துருத்தியைக் குறுக்கினால் மடிப்புகள் நெருங்கி இறுகிவிடும், பிறகு நகராது. இன்னொன்று மோனோரயில். ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு சட்டங்களும் ஓடும், எந்தப் பக்கமும் ஏறும் இறங்கும் சாயும், துருத்தியைக் கழற்றிவிட்டுப் பை மாதிரித் தொளதொள என்று இருக்கிற வேறொன்றைப் போடலாம். கட்டட வேலைக்கு அதுதான் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். கனமோ கனம். அதைப் பெட்டியில் போட்டு, பஸ்ஸில் பழவேற்காடு போய், பாலம் தாண்டி, மணலில் சுமக்க வேண்டும். போதாததற்கு உப்புக்காற்று. மரம் ஊறும், இரும்பு துருப்பிடிக்கும், லென்ஸில் பூஞ்சை படரும். எதை வாங்கினாலும் அழ வேண்டியதுதான் என்பதால், அழகானதை வாங்கி அழலாம் என்று முடிவு செய்தேன்.

சென்னையில் பழைய கேமரா விற்கும் கடைக்காரர் ஒருவர், எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் வாங்குங்கள் என்று மரக் கேமராவைக் கொடுத்தனுப்பினார். ஃபிலிம்தான் அடுத்த சண்டை. எனக்குக் கறுப்பு வெள்ளை பிடிக்கும். மாமாவிடம் போனில் சொன்னேன்.

"இன்னா கேமராக்காரி," என்றார். "பச்சையும் ஆரஞ்சும் தேடித் தேடி அடிச்சவன் நான். நீ கறுப்பு வெள்ளைல எடுத்தா, எந்த வருசம் இடிஞ்ச வீடுன்னு கேப்பான்."

கலர் ஃபிலிமே வாங்கினேன். எதிரெதிராக நின்று எனக்குச் சமமாக வாய் கொடுக்கக்கூடிய ஒரே ஆண்பிள்ளை மாமாதான்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நைனா கடலில் இருக்கும்வரை அம்மா எந்தப் பாத்திரத்தையும் குப்புற வைக்கமாட்டாள். கழுவிய குண்டான், தட்டு, டம்ளர், வாளி, கூடை எல்லாம் சுவரில் சாய்ந்துதான் நிற்கும். வாசலில் செருப்பு புரண்டு கிடந்தால் ஓடிப்போய் நிமிர்த்தி வைப்பாள். கடலில் படகு, எங்கள் பேச்சில் போட்டு, எப்படி ஆகக்கூடாதோ அப்படி வீட்டில் எதுவும் இருக்கக்கூடாது. அந்தச் சொல்லையே வீட்டில் சொல்லமாட்டோம். போட்டு கரையேறியபின் எதை எப்படிப் போட்டாலும் கேள்வி இல்லை. குப்பத்தில் எல்லா வீட்டிலும் இப்படி இல்லை, எங்கள் வீட்டில் இப்படி. நைனா கடைசிவரை கடலுக்குப் போய்த் திரும்பி வந்து, பாயில் படுத்துத்தான் போனார். அந்தப் பெருமையில் பாதியை அம்மா தன் குண்டான்களுக்குக் கொடுத்திருந்தாள். அக்காவும் அதையே அப்படியே பிடித்துக்கொண்டாள்.

நான் சென்னைக்கு வந்ததும் முதல் வேலையாக டம்ளர்களைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். தண்ணீர் வடிய வேண்டுமல்லவா.

மரக் கேமராவோடு குப்பத்துக்குப் போன காலை, வெயில் அருமையாக இருந்தது. அக்கா வீடு கடலைப் பார்த்தது, கிழக்கு வாசல். காலை வெயில் முகப்பில் சாய்வாக விழுந்து தூண்களையும் கிரில்லையும் மாடிப்படியையும் தனித்தனியாக எடுத்துக் காட்டியது. மாமா விடிவதற்குமுன்னே கடலுக்குப் போயிருந்தார். காலி மனையில் முக்காலியை ஊன்றினேன். மணலில் கால்கள் இறங்காமல் இருக்க அடியில் மூன்று பலகைத் துண்டு. கேமராவை மட்டம் பார்த்து நிறுத்தி, லென்ஸை ஏற்றி, துணிக்குள் தலையை விட்டேன். வீடு கண்ணாடியில் வந்து உட்கார்ந்தது. இரண்டு பக்கச் சுவரும் தூக்குக்குண்டு விட்டது போல நேராக நின்றன. இத்தனை வருடம் மற்றவர்களின் கட்டடங்களை இப்படிப் பார்த்திருக்கிறேன், நம்முடையதைப் பார்த்ததில்லை.

"இரு, நானும் பாக்கறேன்," என்று அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு துணிக்குள் புகுந்தாள். அவள் என் வேலையைப் பார்க்கப்போகிறாள் என்ற சந்தோஷத்தில் நான் பல்லை இளித்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"இன்னாடி இது. வீடு தலைகீழா கீது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வ்யூ கேமராவின் கண்ணாடியில் எல்லாமே தலைகீழாகத்தான் விழும். பழகிப்போன எனக்கு அது கண்ணில் படுவதே இல்லை. அக்கா பார்த்தது வீட்டை மட்டுமல்ல. வீட்டுப் பக்கத்தில் மாமா ஏற்றி வைத்திருந்த பழைய ஃபைபர் போட்டும் படத்துக்குள் இருந்தது. அது கண்ணாடியின் மேற்பக்கத்தில் வயிறு மேலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மாமா அந்த நேரம் கடலில்.

"லென்ஸுன்னா அப்படித்தான்கா. நம்ம கண்ணுக்குள்ளயும் எல்லாம் தலைகீழாத்தான் விழுது. மூளைதான் நிமித்திக் காட்டுது."

"அது சாமி வெச்சது. இது நீ வெச்சது. கழட்டு."

"மாமா வர்றதுக்குள்ள வெயில் போயிடும்."

"போவட்டும்."

கத்தினேன். படித்தவள் பேசுகிற பேச்செல்லாம் பேசினேன். போட்டுக்கு இன்ஜின் இருக்கிறது, கையில் போன் இருக்கிறது, வானிலை அறிக்கை மணிக்கொரு தரம் வருகிறது, என் கண்ணாடியில் என்ன இருக்கிறது என்று கடலுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அக்கா கறுப்புத் துணியை உருவி மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். மாமா கரையேறி வந்த பிறகுதான் அதை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். அதற்குள் வெயில் உச்சிக்குப் போய், காற்றும் கிளம்பி, துருத்தி படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தது. நான் முறைத்துக்கொண்டே கேமராவை மடக்கினேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வழியே இல்லை. நல்ல வெயில் அடிக்கும் காலையில் மாமா கடலில் இருப்பார். அவர் கரையில் இருக்கிற காலை என்றால் வாடைக்காற்று, மழை, மப்பு. அப்போது படம் எடுக்க முடியாது. நடுவில் பங்காளியின் ஆட்கள் கடைக்கால் தோண்டத் தொடங்கிவிட்டார்கள்.

சென்னைக்குத் திரும்பிய வாரத்தில் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தது. மாமா வழக்கத்தைவிடத் தாமதம் என்று அக்கா போனில் சொன்னாள், மெதுவான குரலில். நான் விட்ட வேலையைத் தொடரப்போவதாக நினைத்துக்கொண்டு எழுந்து சமையல்கட்டுக்குப் போனேன். டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து நிமிர்த்தி வைத்தேன். குண்டானையும் நிமிர்த்தினேன். குளியலறை வாளிவரை போய்ப் பார்த்தேன். மாமா வந்துவிட்டார் என்று அக்கா மறுபடி கூப்பிட்டபோது நான் ஈரக்கையோடு சமையல்கட்டில்தான் நின்றிருந்தேன். அவளிடம் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவளோடு சண்டை போட எனக்கு வாய் வரவில்லை.

கேமரா கடைக்குப் போய் மரக் கேமராவைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பித்தளைத் திருகுகளை விட்டுவிட்டு வர மனசே இல்லை. மோனோரயிலுக்குத்தான் ஒரு மூடி கிடைக்கும். பின்பக்கம் கண்ணாடியின்மேல் மாட்டுகிற கூடு அது, உள்ளே சாய்வாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. மேலிருந்து குனிந்து பார்த்தால் பிம்பம் நிமிர்ந்து தெரியும். அதை நான் எப்போதும் கேலி செய்திருக்கிறேன், தலைகீழாகப் பார்க்கப் பழகாதவர்கள் சுமக்கிற வீண் பாரம் என்று. கடைக்காரர், கட்டட வேலைக்கு மோனோரயில் எடுத்தது சரியான முடிவு, லென்ஸை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று பாராட்டினார். அக்காவுக்காகத்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது. ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

இரண்டாவது முறை போனபோது மனையில் கடைக்கால் குழிகள் வெட்டிச் செங்கல் இறக்கியிருந்தார்கள். "நாளைலேர்ந்து சொவரு," என்றார் பங்காளி. ஆக, அன்று ஒரு நாள்தான். அவருடைய கூடமாகப் போகிற இடத்தில், இரண்டு குழிகளுக்கு நடுவே முக்காலியை நிறுத்தினேன். அதே வெயில், அதே சாய்வு. மாமா கடலில். மூடியை மாட்டி அக்காவைக் கூப்பிட்டேன்.

குனிந்து பார்த்தாள். "நிமிந்து கீது," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மாடிப்படி அந்தாண்ட போயிடுச்சே."

"இடம் வலம் மட்டும் மாறித் தெரியும். படத்துல சரியாயிடும்."

"அது பரவால்ல." முகம் மலர்ந்திருந்தது. வீட்டை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். "தோ பாரு, நம்ம திருஷ்டி பொம்மை. நேரா கீதுடி வீடு. ராஜா கணக்கா நிக்குது."

ஃபிலிம் அட்டையைச் செருகிவிட்டேன். இன்னும் ஃபிலிமை மூடியிருக்கும் தகட்டை உருவிப் பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அப்போது அக்கா கேட்டாள்.

"இந்த மூடி நமக்குத்தானே நிமித்திக் காட்டுது. உள்ள ஃபிலிம்ல எப்படி விழும்?"

நேராத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவளுக்குத் தெரிய வழியே இல்லை. வெயில் போய்க்கொண்டிருந்தது, நாளைக்குச் சுவர். ஆனால் என் சமையல்கட்டு எனக்குத் தெரியும்.

"தலைகீழாத்தான்கா விழும்."

அவள் கோபப்படவில்லை. கடல் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அது கெஞ்சலா கட்டளையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"அவரு வந்துரட்டும்," என்றாள்.

"சரி."

இருவரும் வாசற்படியில் உட்கார்ந்தோம். வெயில் முகப்பை விட்டு மேலே ஏறி, கூரைக்குமேல் போய் நின்றது. தூண்கள் தட்டையாகிவிட்டன. ஜன்னல் சன்ஷேடுகளின் நிழல் கீழே விழுந்து ஒவ்வொரு ஜன்னலுக்கும் மீசை வைத்தது. கட்டடத்தைப் படம் எடுக்க எதைத் தேர்ந்தெடுக்கக்கூடாதோ அந்த வெளிச்சம். கடல்காற்றும் வந்துவிட்டது. மாதக்கணக்கில் துருத்தியையும் லென்ஸையும் ஒப்பிட்டுப் பார்த்தவள், சும்மா உட்கார்ந்து அக்கா கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டிருந்தேன். ஆச்சரியம், கோபமே வரவில்லை.

மாமா மணலில் நடந்து வந்தார். கையில் எண்ணெய் கேன், தோளில் ஈரத்துண்டு. எங்கள் இருவரையும் செங்கல் நடுவில் நின்ற கேமராவையும் பார்த்தார்.

"இன்னா, ரெண்டு பேரும் போலீசுக்குக் காத்துக்கினு கீற மாதிரி?"

"சட்டை போட்டுக்கினு வாசல்ல போயி நில்லு," என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பி, "இப்ப அந்த மூடியைக் கழட்டு. நீ பாக்கற மாதிரி நான் பாக்கணும்."

மூடியையும் ஃபிலிம் அட்டையையும் கழற்றினேன். துருத்தி ஆடாமல் இருக்கப் பங்காளியும் அவருடைய ஆளும் காற்றுக்கு மறைவாகத் தார்ப்பாயைப் பிடித்தார்கள். "என் மனைல என்னையே வேலை வாங்கறீங்க," என்று பங்காளி முனகினார், ஆனால் நன்றாகப் பிடித்தார். அக்கா கறுப்புத் துணிக்குள் போனாள். இந்த முறை வெகுநேரம் இருந்தாள். நானும் கூடவே தலையை உள்ளே விட்டேன். வீடு மேலிருந்து தொங்கியது. போட்டும் தொங்கியது. மாமா வானத்தில் கால் பதித்துத் தலைகீழாக நின்று, தலைமயிரைக் கோதிக்கொண்டிருந்தார். அக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இப்படி நின்னாத்தான் பாக்க லட்சணமா கீறாரு."

"இன்னா சொல்றா?" என்று மாமா அங்கிருந்து கேட்டார்.

"அசையாத நில்லுங்கறா," என்றேன்.

துணிக்குள் இருட்டில், சிரிப்பு அடங்கிய பிறகு, அக்கா மெதுவாகக் கேட்டாள். "சென்னைலயும் நீ இப்படித்தான் பாத்துக்கினு கீறியா?"

"ஆமா."

"அவரு கடல்ல இருக்கும்போதும்?"

நான் கண்ணாடியில் தொங்கிய போட்டைப் பார்த்தேன். அக்கா என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

படம் எடுத்தேன். இன்று அது அக்கா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. பச்சையும் ஆரஞ்சும் கண்ணைப் பறிக்கும், ஜன்னல்களுக்கு மீசை இருக்கும், சுவர்கள் நேராக நிற்கும். எதிரே பங்காளி வீட்டுச் சுவர் எழும்பிவிட்டது. இனி அந்த வீடு முழுசாகத் தெரிவது இந்தப் படத்தில் மட்டும்தான். சுண்ணாம்புக்குளத்திலிருந்து வந்த மாமாவின் தங்கை இடுப்பில் கை வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "வீடு நேராத்தான் கீது, அண்ணன்தான் சாஞ்சிட்டாரு," என்றாளாம். மாமா தூணில் சாய்ந்து நின்றிருந்தார். நான் கவனிக்கவே இல்லை.

மூடியை நான் மறுபடி மாட்டியதில்லை. தலைகீழாகப் பார்ப்பதுதான் எனக்கு வசதி. ஆனால் அன்று கிளம்பும்போது அக்கா ஒரு நிபந்தனை போட்டாள், அதை மட்டும் தவறுவதில்லை. ஓட்டலோ ஆபீசோ, எந்தக் கட்டடத்துக்கு முன்னாலும் கேமராவை நிறுத்தி மட்டம் பார்த்து லென்ஸை ஏற்றிய பிறகு, துணியைப் போர்த்துவதற்குமுன் போனை எடுத்து அக்காவைக் கூப்பிடுவேன். வெளிச்சத்துக்காகக் காத்திருக்கிறேன் என்று கூட இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். சில நாள் அக்கா "இன்னும் வரலடி" என்பாள். அன்றைக்கு நான் ஒரு டீ குடித்துவிட்டு வருவேன். வெயில் சரியும், கட்டடக்காரர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பிறகு போன் அடிக்கும்.

"வந்துட்டாரு," என்பாள் அக்கா. "நீ பாரு."